யாருடைய அறிவித்தல் இது? திருகோணமலையில் கச்சேரியும் மாகாணமும் சபையும்

திருகோணமலை பஸ் நிலையத்தில் "கிண்ணியா" என்று பலகை போட்ட இரண்டு பஸ்கள் நிற்கின்றன. ஒன்று சிவப்பு, அதாவது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ், மற்றது தனியார். இரண்டும் ஒரே பாதையில் ஓடி ஒரே இடத்தில்தான் இறக்கிவிடும். ஆனால் இ.போ.ச. சீசன் டிக்கெட்டைத் தனியார் பஸ்ஸில் நீட்டிப் பாருங்கள், கண்டக்டர் சிரிப்பார். பலகையை மட்டும் பார்த்து ஏறினால் போதாது, பஸ் யாருடையது என்றும் பார்க்க வேண்டும்.

அரச அலுவலகங்களின் கதையும் இதுதான். "பட்டினமும் சூழலும்" என்ற ஒரே பெயரில் இங்கே ஒரு பிரதேச செயலகம் இருக்கிறது, ஒரு பிரதேச சபையும் இருக்கிறது. இரண்டையும் "பிரதேசம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "பிரதேசத்தில வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம்", "பிரதேசத்தில நடமாடும் சேவையாம்" என்று தகவல் பரவும். எந்தப் பிரதேசம் என்று யாரும் கேட்பதில்லை. ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போய் நின்ற பிறகுதான் "இது எங்கட வேலை இல்லை, அங்க போங்க" என்ற பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலில் பெரும்பாலும் பொய் இல்லை. போன இடம்தான் பிழை.

ஒரு வளவு, மூன்று வீடுகள்

ஒரே வளவுக்குள் மூன்று குடும்பங்கள் குடியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேட் ஒன்று, ஆனால் அடுப்பும் கணக்கும் வேறு வேறு. ஒரு வீட்டில் கொடுத்த கடனை அடுத்த வீட்டில் கேட்க முடியாது. அரச நிர்வாகமும் நம் தலைக்கு மேல் அப்படி மூன்று வீடுகளாகத்தான் இருக்கிறது.

முதல் வீடு மத்திய அரசாங்கம். கொழும்பிலுள்ள அமைச்சில் தொடங்கி மாவட்ட செயலகம், அதாவது நாம் இன்றும் கச்சேரி என்று அழைக்கும் இடம், வழியாகப் பிரதேச செயலகத்துக்கு வந்து கிராம உத்தியோகத்தரிடம் முடியும் சங்கிலி இது. பழையவர்கள் பிரதேச செயலகத்தை ஏ.ஜி.ஏ. ஒபிஸ் என்பார்கள், கிராம உத்தியோகத்தரை ஜீ.எஸ். என்பார்கள். பெயர் மாறினாலும் சங்கிலி அதேதான். இந்தச் சங்கிலியில் அமைச்சருக்குக் கீழே எவரும் தேர்தலில் வந்தவர் அல்லர். எல்லோரும் நியமனம் பெற்ற உத்தியோகத்தர்கள். திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் இருக்கின்றன.

இரண்டாவது வீடு மாகாணம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் அதே ஆண்டின் மாகாண சபைகள் சட்டமும் இதைக் கட்டின. வடக்கும் கிழக்கும் இணைந்திருந்த மாகாணம், 2006இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 2007இன் தொடக்கத்தில் இரண்டாகப் பிரிந்தது. கிழக்கு மாகாணத்தின் தலைமையகம் திருகோணமலையில் இருப்பதால் இந்த வீடு நமக்கு மிக அருகில் இருக்கிறது, குழப்பமும் அதற்கேற்பக் கூடுகிறது. பெரும்பாலான பாடசாலைகள், பிரதேச வைத்தியசாலைகள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, மாகாண வீதிகள் என்பன இதன் கீழ் வருகின்றன. 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காததால் ஆளுநரும் பிரதம செயலாளரும் உத்தியோகத்தர்களும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள்.

மூன்றாவது வீடு உள்ளூராட்சி மன்றம். நம் வாசலுக்கு மிக அருகில் உள்ள சபை அது. திருகோணமலை நகரத்துக்கு மாநகர சபை (முன்பு நகர சபையாக இருந்து தரமுயர்ந்தது), கிண்ணியா நகருக்கு நகர சபை, மற்ற இடங்களுக்குப் பிரதேச சபை. உறுப்பினர்கள் வாக்கால் வருகிறார்கள். கடைசித் தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. மாநகர சபைக்குத் தலைவர் முதல்வர் (மேயர்), நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் தவிசாளர். ஆனால் கந்தோரை அன்றாடம் நடத்துபவர் வேறு: மாநகர சபையில் ஆணையாளர், மற்றவற்றில் செயலாளர். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 தேர்தல் வரை உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. ஆனாலும் குப்பை வண்டி வந்தது, வரி வாங்கப்பட்டது. வந்தது இந்த உத்தியோகத்தர்களால்.

சுருக்கமாக: பிரதேச செயலகம் முதல் வீடு, பிரதேச சபை மூன்றாவது வீடு. "செயலகம்" என்றால் அரசாங்க உத்தியோகத்தர், "சபை" என்றால் தெரிவான உறுப்பினர்கள். இந்த ஒரு சொல்லைக் கவனித்தாலே பாதி அலைச்சல் குறையும்.

எல்லை எங்கே முடிகிறது?

பிரதேச செயலகம் 11, உள்ளூராட்சி மன்றம் 13. இந்த இரண்டு எண்ணும் ஏன் பொருந்தவில்லை?

பதில் நகரத்தில் இருக்கிறது. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவு ஒன்றுதான். ஆனால் அதற்குள் நகரப் பகுதியை மாநகர சபை பார்க்கிறது, உப்புவெளி போன்ற நகரத்துக்கு வெளியிலுள்ள பகுதிகளைப் பட்டினமும் சூழலும் பிரதேச சபை பார்க்கிறது. கிண்ணியாவிலும் அப்படித்தான்: பிரதேச செயலகம் ஒன்று, சபைகள் இரண்டு. மற்ற ஒன்பது பிரிவுகளில், குச்சவெளி, மூதூர், வெருகல், தம்பலகாமம், சேருவில, கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர, செயலகத்துக்கு ஒரு சபை என்ற கணக்குப் பொருந்தும்.

ஆகவே உவர்மலையில் இருப்பவரும் உப்புவெளியில் இருப்பவரும் பிறப்புச் சான்றிதழுக்கு ஒரே பிரதேச செயலகத்துக்குப் போவார்கள், குப்பைக்கு வேறு வேறு சபைக்குப் போவார்கள். நிலாவெளிக்காரர் இந்த இரண்டிலும் சேரமாட்டார், அவர் குச்சவெளிப் பிரிவு. "திருகோணமலைக்காரர்தானே" என்று எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது இந்த இடத்தில்தான் பிசகுகிறது.

உங்கள் சபை எது என்று அறிய எளிய வழி வீட்டு வரித் துண்டைப் பார்ப்பது. ஆதன வரி என்பது சபை தன் எல்லைக்குள் உள்ள வீடு, காணி, கட்டடங்களின் பெறுமதியைக் கணித்து ஆண்டுதோறும் அறவிடும் வரி. சோலைவரி என்றும் சொல்வார்கள். துண்டின் தலைப்பில் இருக்கும் பெயர்தான் உங்கள் சபை. வரி பற்றி இன்னொரு விஷயமும் சொல்லிவிடலாம்: முழு ஆண்டுக்கும் உரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, காலாண்டுத் தொகையை அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம் கழிவு. இந்தக் கழிவை யாரும் வீடு தேடி வந்து தரமாட்டார்கள். பெப்ரவரியில் போய்க் கேட்டால் முழு ஆண்டுக் கழிவு போய்விட்டது.

முறைப்பாடு எந்தக் கதவில்?

எரியாத தெரு விளக்கு நல்ல உதாரணம். மின்கம்பம் மின்சார சபையுடையது. அதில் தொங்கும் பல்ப் உள்ளூராட்சி மன்றத்துடையது. பல்ப் போனால் சபையிடம், கம்பம் சாய்ந்தால் அல்லது வயர் அறுந்தால் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு. மின்சார சபையும் நீர் வழங்கல் சபையும் "சபை" என்று முடிந்தாலும் உள்ளூராட்சி மன்றங்கள் அல்ல. அவை தனி நிறுவனங்கள். குழாய்த் தண்ணீர் வராவிட்டால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939. தவிசாளரிடம் போய் ஏசிப் பயனில்லை.

வீதியில் குழி என்றால் முதலில் வீதியின் வகுப்பைக் கேளுங்கள். கண்டி, கொழும்புப் பக்கம் போகும் ஏ 6, அனுராதபுரம் போகும் ஏ 12, மட்டக்களப்பு போகும் ஏ 15 என்பன வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. பொதுவாக ஏ, பி வகுப்பு அந்த அதிகார சபைக்கு, சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, அதற்குக் கீழே உள்ள ஒழுங்கைகளும் உள்வீதிகளும் உள்ளூராட்சி மன்றத்துக்கு. பிரதான வீதியில் உள்ள குழிக்குச் சபை உறுப்பினர் செய்யக்கூடியது கடிதம் எழுதுவது மட்டுமே. அவர் அதைச் சொல்லாமல் "பாப்பம்" என்று அனுப்புவதால்தான் பாதிக் கோபம்.

நுளம்பு பெருகினால் இரண்டு கதவு: வடிகாலைத் துப்புரவாக்குவது சபை, டெங்குப் பரிசோதனையும் புகையடிப்பும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. அரசாங்கத்தின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவு பிரதேச செயலகம் வழியாக வருவது, 1924இல் கேட்கலாம். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் அரச தகவல் நிலையத்தின் 1919 இருக்கிறது.

முறைப்பாட்டை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் இடம், மின்கம்ப இலக்கம் அல்லது அருகிலுள்ள அடையாளம், திகதி, தொலைபேசி இலக்கம் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத முறைப்பாட்டுக்கு அடுத்த மாதம் போய்க் கேட்டால், "கிடைக்கவில்லை" என்று சொல்ல யாருக்கும் கஷ்டம் இருக்காது.

நடமாடும் சேவைக்குப் போகுமுன்

நடமாடும் சேவை என்பது பல திணைக்களங்களின் உத்தியோகத்தர்கள் ஒரே நாளில் ஒரு பாடசாலைக்கோ பொதுக் கட்டடத்துக்கோ வந்து வேலை பார்ப்பது. பெரும்பாலும் மாவட்ட அல்லது பிரதேச செயலகம் ஒழுங்கு செய்யும். சந்தைக்குப் போவது போன்றது இது: எல்லாக் கடையும் அன்று வரும், ஆனால் காசு கொண்டுபோகாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இங்கே காசின் இடத்தில் ஆவணம்.

வந்தவர்கள் திரும்பிப் போகும் காரணங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அடையாள அட்டைக்கு வருபவர் பிறப்புச் சான்றிதழின் போட்டோப் பிரதியை மட்டும் கொண்டுவருவார். பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுத்த படத்தின் பற்றுச்சீட்டு இருக்காது. கிராம உத்தியோகத்தர் கையொப்பமிட வேண்டிய படிவம் வெறுமையாக இருக்கும். ஆகவே அறிவித்தலைக் கண்டதும் முதலில் ஜீ.எஸ்.ஸைச் சந்தித்து எந்தப் படிவம், எந்த மூலப் பிரதி என்று கேட்டு முடித்துவிட்டு, சேவை நாளில் காலையிலேயே போங்கள். சேவை நாளில் கிராம உத்தியோகத்தரைத் தேடி ஓடுவது பந்தியில் உட்கார்ந்த பிறகு வாழை இலை வெட்டப் போவது மாதிரி.

நீங்களே ஒரு விளையாட்டுப் போட்டியோ கலை நிகழ்வோ நடத்துவதானால், மைதானமும் மண்டபமும் யாருடையது என்று பாருங்கள். சபையின் மைதானம் என்றால் சபையிடம் எழுத்தில் கேட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். பாடசாலை மைதானம் என்றால் அதிபரும் கல்வி வலயமும். ஒலிபெருக்கி அனுமதி எப்படியும் பொலிஸிடம்தான்.

வேலைவாய்ப்பு: அதிகம் குழம்பும் இடம்

"மேயரைப் பிடிச்சா மாநகர சபையில வேலை எடுக்கலாம்." இந்த நம்பிக்கையை முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

சபையில் எத்தனை எழுதுவினைஞர், எத்தனை சாரதி, எத்தனை சுகாதாரத் தொழிலாளி என்பதை சபை தானாகத் தீர்மானிக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட ஆளணி என்று ஓர் எண்ணிக்கை இருக்கும், அதாவது அந்த அலுவலகத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொள்ளப்பட்ட பதவிகளின் பட்டியல். அதற்கு ஒப்புதல் தருவது திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். நிரந்தர நியமனத்துக்கான அதிகாரம் மாகாணத்துடையது. மாகாணப் பகிரங்க சேவையில் நியமன அதிகாரம் சட்டப்படி ஆளுநரிடம் இருக்கிறது, அதை மாகாணப் பகிரங்க சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். ஆகவே சபைக்கு ஆள் தேவை என்றாலும், விளம்பரம் மாகாணத்திலிருந்து வரும். மூன்றாவது வீட்டு வேலைக்கு இரண்டாவது வீட்டில் விண்ணப்பம்.

பிரதேச செயலகத்து வேலை வேறு பாதை. அது மத்திய அரசாங்கத்தின் சேவை, விளம்பரம் வர்த்தமானியில் வரும். வர்த்தமானி என்பது அரசாங்கம் சட்ட வலுவோடு வெளியிடும் அறிவித்தல் ஏடு. வெள்ளிக்கிழமை தோறும் மூன்று மொழிகளிலும் வரும். அவசரமானவை அதிவிசேட வர்த்தமானியாக எந்த நாளிலும் வரும். வெற்றிடங்களும் பரீட்சைகளும் முதலாம் பகுதியின் இரண்டாம் தொகுதியில் இருக்கும். அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். மாகாண விளம்பரத்துக்கு மாகாண சபையின் இணையத்தளத்தையும் பத்திரிகைகளையும் பார்க்க வேண்டும். வர்த்தமானியில் இல்லை என்பதற்காக மாகாண விளம்பரம் பொய் என்று ஆகாது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பிரதேச செயலக வேலைக்கு வர்த்தமானி, மாகாணத்துக்கும் சபைகளுக்கும் மாகாண அறிவித்தல். விளம்பரத்தின் தலைப்பில் எந்த வீடு என்று பார்த்த பிறகுதான் உள்ளே படிக்க வேண்டும்.

உள்ளே முதலில் தேட வேண்டிய சொல் "திறந்த" அல்லது "மட்டுப்படுத்தப்பட்ட". திறந்த போட்டிப் பரீட்சைக்குத் தகுதியுள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை ஏற்கனவே சேவையில் இருப்பவர்களுக்கு, பதவி உயர்வு போல. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் பரீட்சைக் கட்டணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறைய. கட்டணம் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது முடிவுத் திகதி. வயது, கல்வித் தகைமை எல்லாம் பொதுவாக அந்தத் திகதியில் வைத்துத்தான் கணிக்கப்படும். பரீட்சைப் பெறுபேறு அதற்கு ஒரு கிழமை கழித்து வந்தால் கணக்கில் சேராது. தபாலில் அனுப்பும்போது பெரும்பாலான விளம்பரங்கள் "இத்திகதியன்று அல்லது அதற்கு முன்னர் கிடைக்கக்கூடியதாக" என்று எழுதும். அந்தச் சொல்லின் பொருள், அன்று தபாலில் போட்டால் போதாது, அன்று அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது. கடைசி நாளுக்கு ஐந்தாறு நாள் முன்பே பதிவுத் தபாலில் போட்டு, துண்டை வைத்திருங்கள். கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். அது அலங்காரத்துக்காக இல்லை, ஆயிரக்கணக்கான உறைகளைப் பிரித்தெடுக்க அதைத்தான் பார்க்கிறார்கள்.

படிவத்தை நீங்களே ஏ4 தாளில் தயாரிக்கச் சொன்னால், விளம்பரத்தில் உள்ள மாதிரியின் இலக்க ஒழுங்கை மாற்றாதீர்கள். எந்தெந்த இலக்கம் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்றுகூடச் சில விளம்பரங்களில் சொல்லியிருக்கும். பரீட்சை மொழியை ஒருமுறை எழுதினால் பிறகு மாற்ற விடமாட்டார்கள். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்துபவர், சமாதான நீதவானோ அதிபரோ சட்டத்தரணியோ, முன்னால் நீங்கள் கையெழுத்திட வேண்டும். அவருடைய பெயரும் பதவி முத்திரையும் திகதியும் இல்லாத விண்ணப்பத்தை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். இப்போது அரச சேவையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாகத்தான் அனுப்ப வேண்டும், நேரே அனுப்பினால் நிராகரிப்பு.

"நிரந்தர வதிவிடம்" என்றால் என்ன?

மாகாண விளம்பரங்களில் விண்ணப்பதாரர் கிழக்கு மாகாணத்தில் குறிப்பிட்ட ஆண்டுகள் நிரந்தரமாக வசித்தவராக இருக்க வேண்டும் என்று அடிக்கடி இருக்கும். நாம் "நான் இங்கதான் பிறந்தனான்" என்று சொல்லிவிடுவோம். அலுவலகம் கேட்பது வேறு: வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது, கிராம உத்தியோகத்தர் எதை எழுதித் தருகிறார் என்பது.

சிக்கல் வாடகை வீட்டுக்காரருக்குத்தான். உப்புவெளியில் நான்கு வருடம் வாடகைக்கு இருக்கிறார், வாக்கு இன்னும் மூதூரில் இருக்கிறது என்று வையுங்கள். உப்புவெளி ஜீ.எஸ். "உங்கட பெயர் என்ர பிரிவில் இல்லையே" என்பார். மூதூர் ஜீ.எஸ். "நீங்க இங்க இல்லையே" என்பார். இருவர் சொல்வதும் சரி. மாகாணத்துக்குள்ளேயே மாறியவருக்கு இரண்டு இடத்தின் இடாப்புப் பிரதிகளைக் காட்டிச் சமாளிக்கலாம். ஆனால் விளம்பரம் வந்த பிறகு அந்தப் பிரதிகளுக்கு ஓடினால் முடிவுத் திகதி தாண்டிவிடும். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படும். வீடு மாறியவுடன் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி அந்த ஆண்டுத் திருத்தத்திலேயே பெயரை மாற்றிவிடுவதுதான் வழி.

வதிவிட, நற்சான்றிதழில் ஜீ.எஸ். கையொப்பம் மட்டும் போதாது, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். அந்த ஒப்பமிட்ட நாளிலிருந்து ஆறு மாதம்தான் அது செல்லும். போன வருடம் எடுத்து லெமினேட் செய்து வைத்திருப்பது படம் மாட்டத்தான் உதவும்.

பொய் விளம்பரத்தைக் கண்டுபிடித்தல்

வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் நான்கு விஷயம் தேடுங்கள்: விளம்பரம் செய்த அலுவலகத்தின் முழுப் பெயர், முடிவுத் திகதி, கல்வித் தகைமை, விண்ணப்பம் அனுப்ப வேண்டிய அலுவலக முகவரி. தனியாள் ஒருவரின் கைபேசி இலக்கம் மட்டும் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடலாம். பரீட்சைக் கட்டணம் அரச கணக்குக்குத்தான் போகும், ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு ஒருபோதும் போகாது. இன்னொரு வகையும் உண்டு: விளம்பரம் உண்மையானது, ஆனால் மூன்று வருடம் பழையது. திகதியை வெட்டிவிட்டுப் படத்தைச் சுற்றவிடுவார்கள்.

பதில் வராவிட்டால்

பரீட்சை எழுதி ஒரு வருடமாகியும் பெறுபேறு இல்லை, அல்லது ஒழுங்கைக்கு ஒதுக்கிய காசு என்ன ஆனது என்று தெரியவில்லை. இந்த இடத்தில் பயன்படுவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். ஒவ்வோர் அரச அலுவலகத்திலும், சபையிலும், தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் எழுத்தில் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேல் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியைக் குறுக்கிக் கேட்பதில்தான் சூட்சுமம். "சபையில் ஊழல் நடக்கிறதா?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த ஒழுங்கைக்கு 2025இல் ஒதுக்கப்பட்ட தொகை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகை, வேலை முடிந்ததாகச் சான்றளித்த திகதி" என்று கேட்டால் கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும். கேள்வி எந்த வீட்டுக் கோப்பில் இருக்கிறதோ அந்த வீட்டுத் தகவல் அலுவலரின் பெயருக்கே அனுப்புங்கள். பிரதேச சபையின் ஒழுங்கையைப் பற்றிப் பிரதேச செயலகத்திடம் கேட்டால், முதல் 14 வேலை நாட்களும் "எங்களிடம் இல்லை" என்ற பதிலோடு போய்விடும்.